இருபத்துமூன்றாவது சத்தம்

லோக்கோமேட்டு ரயில்வே காலனியைத் தாண்டிப் போகும் வண்டிகளுக்கெல்லாம் சத்தம் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு. பத்து மணிக்கு எங்கள் ஆல்பம் வெளியாகியிருந்தது. காலனியில் பாதிப் பேர் அதைச் செல்போனில் போட்டுக்கொண்டு முதல் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்த பாசஞ்சர் வண்டி, பதினாலு பெட்டியோடு, ஜன்னல்களில் முகங்களோடு, வாசற்படியில் நின்று வெற்றிலைச் சாறு துப்பும் ஒரு பெரியவரோடு, கொடியிலிருந்து வேட்டி நழுவுவதுபோல ஆறாம் நம்பர் கேட்டைக் கடந்து போனது. கேட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த சேசையாவின் இரண்டு ஆடுகள் தலை நிமிர்த்தக்கூட நேரமில்லாமல் செத்தன. சேசையா ஓடி வந்து, ஆட்டைப் பார்க்காமல், போகிற வண்டியின் கடைசிப் பெட்டியைப் பார்த்து, "ஏய், ஹாரன் அடிக்கமாட்டியாடா?" என்று கத்தினார். ஹாரன் அடித்துக்கொண்டேதான் போனேன் என்று டிரைவர் பிறகு எழுதிக் கொடுத்தார். அடித்திருப்பார், நான் நம்புகிறேன்.

நான் தன்ராஜ். 'ஆறாம் கேட்' என்ற ராக் பேண்டில் பத்தொன்பது வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறவன். பாட்டும் கிட்டாரும் தலைமையும் பெனடிக்ட். நாங்கள் பென்னி என்போம், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்சு. இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்களால் இந்தக் கதையில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. பத்தொன்பது வருஷமும் நாங்கள் கோயில் திருவிழாவில், கல்லூரி விழாவில், தேர்தல் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்க, எங்கே கூப்பிட்டாலும் போய் இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர் வைத்து வாசித்தோம், எங்கள் காலனிக்காரர்கள் பத்தொன்பது வருஷமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஸ்பீக்கரையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, மரக் கிட்டாரோடு, உங்கள் ஊரில், உங்கள் மன்றத்தில், உங்கள் ஜனங்களுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுங்கள், அதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாகப் போடலாம், இப்போது ஜனங்களுக்கு உண்மைதான் பிடிக்கிறது என்றார். உண்மை என்ற சொல்லை அவர் அன்றைக்கு ஏழெட்டுத் தடவை சொன்னார்.

அக்கூஸ்டிக் என்றால் என்ன என்று காலனி கேட்டது. கரண்ட் போனாலும் நிற்காத கச்சேரி என்று பென்னி விளக்கினான், அதனால் ஆல்பத்துக்கும் 'கரண்ட் இல்லாத ஞாயிறு' என்றே பேர் வைத்தோம். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இருந்தது, மறைப்பானேன். பென்னிக்கு ஒரு கிட்டாருக்குப் பதில் இன்னொரு கிட்டார் கிடைத்தது. எனக்கு ஏழு டிரம்முக்கும் நாலு தாளத்துக்கும் பதில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது, அதன்மேல் உட்கார்ந்து அதையே தட்ட வேண்டும். கொய்யாப்பழப் பெட்டியில் உட்கார்ந்த வியாபாரி மாதிரி இருக்கிறாய் என்று என் மனைவியே சொன்னாள்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி, புனித சூசையப்பர் மன்றத்தில் நூற்றெண்பது இரும்பு மடக்கு நாற்காலிகள். மின்விசிறி சத்தம் பதிவாகும் என்று விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்திவிட்டார்கள். ஜனங்கள் வெந்துபோய், ஆனால் பெருமையாக, கல்யாண வீட்டுப் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒன்பது பாட்டுப் பாடினோம். நன்றாகப் பாடினோம், அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். மூன்றாம் பாட்டில் மட்டும் என் கை தப்பியது. ஒரு முழுச் சுற்றுக்குத் தாளம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை, பிறகு கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தேன். நாலாம் பாட்டில் பென்னி வரி மறந்து 'லாலல்லா' போட்டான், அவனுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த ஹில்டா டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பாய்லர் ஷாப்பில் முப்பது வருஷம் கரிப்பொடி சுவாசித்துவிட்டு ஓய்வு பெற்ற சக்கரியாஸ் மாமா மெல்லிசான இடங்களாகப் பார்த்து இருமினார். ஐந்து இருபதுக்கு ஒரு கூட்ஸ் வண்டி ஐம்பத்தெட்டு பெட்டியோடு மன்றத்தின் முதுகுப் பக்கம் போனது.

ஆறாம் பாட்டு 'அழாதே ஈவா'. பென்னி தன் மகளுக்காக எழுதியது. ஈவா என்றால் இவாஞ்சலின், அன்றைக்கு ஏழு மாதம், அம்மா அருள்செல்வியின் மடியில் முதல் வரிசையில் இருந்தாள். அப்பா தன் பேரைச் சொல்லி அழாதே அழாதே என்று பாடுவதை நாலு நிமிஷம் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாலாவது நிமிஷம் பதினோராவது நொடியில், இதற்குமேல் தாங்காது என்பதுபோல, ஈவா அழுதாள். ஒன்பது நொடி அழுதாள். அருள்செல்வி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பென்னி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான்.

ஒரு நேரலைக் கச்சேரியின் ஆல்பம் எப்படித் தயாராகிறது என்பதை அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜனங்களுக்கு முன்னால் பாடுவது ஜனங்களுக்காக. பிறகு அந்த ஜனங்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுப்பது ஆல்பத்துக்காக. கைதட்டல் மட்டும் இருக்கலாம். மற்றதெல்லாம் அழுக்கு. அழுக்கு எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுகிற வேலையைப் பென்னி என்னிடம் கொடுத்தான், ஒரு பென்டிரைவில் கழுவாத நகலும் ஹெட்போனும் கொடுத்தான். மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் நாற்பத்தொரு சத்தங்களை நிமிஷம், நொடி போட்டு எழுதினேன். அந்த ஆல்பத்தில் நான் மனசு வைத்துச் செய்த வேலை அதுதான். ஏழு, மூன்றாம் பாட்டு, தாளம் தப்புகிறது, வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டவும். பத்தொன்பது, பெண் சிரிப்பு. இருபத்துமூன்று, குழந்தை அழுகை. இருபத்துநாலு, நாற்காலி இழுபடுகிறது. முப்பது முதல் முப்பத்தாறு வரை, இருமல். முப்பத்தெட்டு, கூட்ஸ். நாற்பத்தொன்று, கடைசிப் பாட்டு முடிந்ததும் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் பெருமூச்சு. அது என்னுடையது.

சென்னையில் ஒலிக்கலவை செய்த கௌதமன் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். வரிசையாக நான் வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொன்றையும் திரையில் தேடி, நகம் வெட்டுவதுபோல நறுக்கி எடுத்துக்கொண்டே வந்தார். இருபத்துமூன்றில் நின்றார். திரும்பத் திரும்ப மூன்று தடவை அந்த ஒன்பது நொடியைப் போட்டுக் கேட்டார்.

"இதை விட்டுடலாமே சார்? அழாதேன்னு பாடும்போது குழந்தை அழுவுது. நல்லாத்தான இருக்கு. யாரு குழந்தை?"

"என் பொண்ணுதான்," என்றான் பென்னி. "பாட்டு அவளுக்குத்தான் சார். அதுக்காக அவ கத்துறது பாட்டுல இருக்கணும்னு இல்ல."

கௌதமன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடுப்பா பென்னி, இருக்கட்டும் என்று மூன்றே சொல். ஆனால் என் நோட்டில் இருபத்துமூன்று என்று அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன், அதில் ஒன்று குறைவது எனக்குப் பிடிக்கவில்லை. "கிட்டார் இறங்குற இடத்துல வந்து விழுது சார்," என்றேன். அவர் நறுக்கினார்.

ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமையே என் பட்டியலில் இருந்ததெல்லாம் காலனியிலிருந்தே போய்விட்டது, ஆனால் போனது தெரிய அவரவருக்கு அவரவர் நேரம் பிடித்தது. மன்றத்து நாற்காலிகள் இழுத்தாலும் மடக்கினாலும் கீழே போட்டாலும் ஊமையாகிவிட்டன, பங்குச்சாமியார் திருப்பலியில் நன்றி சொன்னார். ரயில்வேயிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரோடு இரண்டு பேர் வந்தார்கள். வெளி சிக்னலுக்கு அந்தப் பக்கம் வண்டி கடகடவென்று வந்தது, கேட்டுக்குள் நுழைந்ததும் மீட்டர் முள் படுத்துக்கொண்டது, காலனி முடிந்ததும் எழுந்துகொண்டது. ஒலி மாசு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். முதல் வாரம் பயமாக இருந்தது. தண்டவாளத்தைத் தாண்டுவதற்கு முன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கேட்டில் ஆள் மாற்றி ஆள் விசில் வைத்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் வாரம் காலனிக்குப் பின்னால் இருந்த முள்காட்டை ஒருவர் மனை போட்டு, ரயில் பக்கத்தில், சத்தம் தூரத்தில் என்று பலகை வைத்தார். ஒரு மாதத்தில் விலை இரண்டு மடங்கு ஆனது, அதற்குப் பிறகு யாரும் பயப்படவில்லை.

சக்கரியாஸ் மாமாவின் மனைவி விக்டோரியா அத்தை எங்கள் வீட்டுக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறாராம். மாமா இருமிக்கொண்டுதான் இருந்தார். தோள் குலுங்கும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் கட்டும், சத்தம் மட்டும் வராது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார். பதினோராம் மாதம் ஒரு காலையில் காபியோடு போன அத்தை அவரை விறைத்துப்போய்க் கண்டார். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "இருமியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேனே. இருமலையே காணோமேன்னு சந்தோசமால்ல படுத்துக் கெடந்தேன், பாவி."

ஹில்டா டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். காதில் மாட்டுகிற வயரோடு பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார்.

"தன்ராஜு, நாலாவது பாட்டுல பென்னி வரி மறந்தான்ல?"

"ஆமா டீச்சர்."

"நான் சிரிச்சேன்ல?"

"சிரிச்சீங்க."

"இதுல அது இல்ல. அஞ்சு இருபது கூட்ஸும் இல்ல. நாற்காலி இல்ல. இருமல் இல்ல." டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "யாருடா எடுத்தது?"

"சென்னையில டீச்சர். ஒலிக்கலவை பண்றவரு."

"எதை எதை எடுக்கணும்னு அவருக்கு யாருடா சொன்னது?"

கடையில் வேலை இருக்கிறது டீச்சர் என்று சொல்லி நடந்தேன். டீச்சர் என்னை ஐந்தாம் வகுப்பிலிருந்து அறிந்தவர். நான் பொய் சொல்லும்போது கடைக்குப் போவேன் என்பது அவருக்குத் தெரியும். அதன்பிறகு அவர் சிரிப்பதையும் விட்டுவிட்டார். சத்தமில்லாமல் சிரித்தால் பிள்ளைகள் பைத்தியம் என்று நினைக்கிறார்களாம்.

விஷயம் பரவியதும் என்னை அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், விண்ணப்பத்தோடு வந்தார்கள். அடுத்த கச்சேரி எப்பப்பா, எங்க வீட்டுக்காரர் குறட்டையைச் சேர்க்க முடியுமா, எதிர் வீட்டு நாயைத் தூக்கிட்டு வந்து உக்காரட்டுமா, எங்க மாமியாருக்கு முதல் வரிசையில ஒரு சீட்டு கிடைக்குமா. என்னால் பெருமூச்சுக்கூட விட முடியவில்லை. விட்டேன், சத்தம் வரவில்லை.

ஈவாவின் அழுகையை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அழாத பிள்ளை என்று கொஞ்சினார்கள், கொடுத்து வைத்தவள் என்று அருள்செல்வியைச் சொன்னார்கள். பிள்ளை சிரித்தாள், மழலை பேசினாள், ம்மா என்றாள், எல்லாம் சத்தத்தோடுதான். அழும்போது மட்டும் வாய் முழுசாகத் திறந்து, உள்நாக்கு நடுங்கி, ஒன்றுமே வெளியே வராது. ஆகையால் அருள்செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது பார்த்தாள், குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள், ஜெபம் சொல்லும்போது கண்ணை மூடாமல் பார்த்தாள். ஒருநாள் பால் காய்ச்ச அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டில் கயிற்றில் ஈவாவின் கை முறுக்கிக்கொண்டு நீலம் பூத்திருந்தது, எவ்வளவு நேரமாக அழுதாளோ, முகமெல்லாம் உப்பு. அன்றைக்கு அவள் கடைத்தெருவுக்குப் போய் பித்தளை மணிகள் வாங்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டிலும் கட்டினாள். அழுகை வந்தால் கையை ஆட்டு, அம்மா வருவேன். நடக்கத் தெரிவதற்கு முன் ஈவாவுக்கு அது தெரிந்துவிட்டது.

அதற்குள் 'அழாதே ஈவா' ஊரெல்லாம் பாடியது. பிள்ளையைத் தூங்கவைக்க அந்தப் பாட்டைத்தான் போடுகிறோம் என்று எங்கிருந்தெல்லாமோ தாய்மார்கள் எழுதினார்கள். எவ்வளவு தெளிவான பதிவு, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது மாதிரியே இருக்கிறது என்று எழுதினார்கள். மூன்றாம் பாட்டின் தாளத்தைப் பற்றியும் எழுதினார்கள். மரப்பெட்டியை இப்படியும் வாசிக்கலாமா என்று கேட்டு ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது, அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஈவாவுக்கு இரண்டு வயது முடிந்த மாதம் அருள்செல்வி காலனிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். மன்றத்தில்தான் கூட்டம். மேடையில் பென்னி, அவன் இப்போது சங்கத்துக்குக் கௌரவத் தலைவர்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. சத்தத்த எடுக்காத பதிவு ஒண்ணு இருக்கும்ல, அது எனக்கு வேணும். அதை வெளியிட்டா போனது வந்துரும்னு ஹில்டா டீச்சர் சொல்றாங்க. வரலேன்னாலும் பரவால்ல. எம்புள்ள சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன். எனக்கு மறந்துபோச்சு."

"கம்பெனில அழிச்சிட்டாங்கம்மா, செல்வி," என்றான் பென்னி. வீட்டில் மனைவியிடம் சொல்லவேண்டியதை மைக்கில் சொன்னான். "நானும் கேட்டுட்டேன். இடம் இல்லேன்னு அழிச்சிட்டாங்களாம்."

"இங்க யாருகிட்டயாவது இருக்கா?"

அவள் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். பென்டிரைவ் என் வீட்டு அலமாரியில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கான வயர்களுக்கு அடியில், ஒரு பழைய பற்பசைப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கொடுத்தால் ஒன்பது நொடி அழுகை அவளுக்குக் கிடைக்கும், உண்மைதான். அதே பென்டிரைவில் மூன்றாம் பாட்டும் இருந்தது, ஒரு முழுச் சுற்றுக்கு நான் வழி தெரியாமல் நின்ற இடமும் இருந்தது. ஒன்றைக் கேட்கிறவர்கள் மற்றதையும் கேட்பார்கள். மூன்று வருஷம் ஆனாலும் ஐந்து வருஷம் ஆனாலும் கேட்பார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

நல்லவேளை, எனக்காக வேறொருவர் பேசினார். புது மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். "தங்கச்சி, உன் கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா யாருகிட்டயாவது அது இருந்தாக்கூட தயவுசெஞ்சு குடுத்துராதீங்கப்பா. ரயில் சத்தம் திரும்பி வந்துச்சுன்னா எங்க கதி என்ன? ஒரு புள்ள அழுவுறதுக்காக முந்நூறு குடும்பம் தூக்கம் கெடணுமா?" பென்னி மைக்கை வாங்கி, என் மகள் அழக்கூடாது என்றுதான் நான் பாடினேன், இந்தக் காலனி நிம்மதியாக இருப்பதுதான் அவளுக்கு நான் கொடுக்கும் சொத்து என்றான். அவன் நன்றாகப் பேசுவான். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பட்டியலில் இல்லாத ஒரே சத்தம் அதுதான், அது மட்டும் எங்களிடம் கொஞ்சமும் குறையவில்லை. நானும் தட்டினேன். அருள்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள், நாற்காலி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி இன்னொரு கச்சேரி கேட்டது. அதே மன்றம், அதே ஜனங்கள், அதே மே மாதத்து ஞாயிறு. இந்தத் தடவை கழுவுகிற வேலையே இருக்கக்கூடாது, ஒரு சத்தமும் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். குறட்டைக்கும் மாமியாருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வாசலில் மேசை போட்டுச் செல்போன், கண்ணாடி வளையல், கொலுசு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்கள். ஈவாவுக்கு நாலரை வயது, மஞ்சள் கவுன். மணியைக் கழற்றமாட்டேன் என்று அருள்செல்வி வாசலிலேயே நின்றாள்.

பென்னி மேடையிலிருந்து இறங்கி வந்தான். "ஒரு மணி நேரந்தான் செல்வி. உன் பக்கத்துல, உன் கண் முன்னாடிதான இருக்கப்போறா? எல்லாரும் கழட்டிட்டாங்க. எம்பொண்ணுக்கு மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" சொல்லிக்கொண்டே மண்டியிட்டு, பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து, இரண்டு கயிற்றையும் அவனே அவிழ்த்தான்.

ஈவா அம்மாவுக்கும் ஹில்டா டீச்சருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டாக 'அழாதே ஈவா' வைத்திருந்தார்கள். அதற்கு விளக்கையெல்லாம் அணைத்து மேடையில் மட்டும் ஒன்றை விட்டார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் ஐந்தரை மணிக்கே மன்றம் இருட்டு. பாட்டின் நடுவில் பிள்ளை நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் இறங்கியதை அருள்செல்வி உணர்ந்தாள்; டீச்சர் மடிக்குப் போகிறாள் என்று நினைத்தாள். டீச்சர், அம்மாவிடம் போகிறாள் என்று நினைத்தார். ஈவா டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, மடக்கு நாற்காலியின் கால்கள் கத்தரிபோல ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விரலை விட்டு விளையாடினாள். டீச்சர் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேடை ஓரத்தில் மரப்பெட்டிமேல் இருந்த எனக்கு, இரண்டு நாற்காலிகளுக்கு இடைப்பட்ட சந்தில், மேடை வெளிச்சம் விழுந்த இடத்தில், அவள் முகம் தெரிந்தது. வாய் முழுசாகத் திறந்திருந்தது. உள்நாக்கு நடுங்கியது. சிக்காத மற்றக் கையை அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, விடாமல் ஆட்டினாள், அதில் மணி இல்லை. நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதில் சந்தேகம் வேண்டாம். பதிவு போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பாட்டில் தப்பிய கையை நான் நாலு வருஷமாக மறக்கவில்லை, இன்றைக்கு ஒரு தட்டுக்கூடத் தப்பக்கூடாது என்று வந்திருந்தேன். பாட்டு முடியட்டும், முடிந்ததும் கத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். பாட்டு முடிய இரண்டு நிமிஷம் நாற்பது நொடி ஆனது. முடிந்ததும் நூற்றெண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், டீச்சரும் எழுந்தார், நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு போயின. உடனே எடுத்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அருள்செல்வி பிள்ளையோடு ஊருக்கு வெளியே, தன் தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். பென்னி இரண்டு தடவை போய்ப் பார்த்தான், அவள் கதவைத் திறக்கவில்லை. எனக்கு ஹெட்போனும் புது நோட்டும் வந்தன. கேட்டேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை மூன்று தடவை கேட்டேன். என் கை எங்கேயும் தப்பவில்லை. அந்த இரண்டு நிமிஷம் நாற்பது நொடியில் எழுத ஒன்றுமே இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில்கூட எதுவும் எழுதாமல் கௌதமனுக்கு அனுப்பினேன். இவ்வளவு சுத்தமான பதிவை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை சார் என்று அவர் பதில் போட்டார்.

மறுநாள் பற்பசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நான் பேசிய குரல் கேட்டதும் அருள்செல்வி கதவைத் திறந்தாள். செவிலியர் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போன நேரம், ஈவா பாயில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள், அறை அமைதியாக இருந்தது. நான் பென்டிரைவை நீட்டி, இது என்னவென்று சொன்னேன். எத்தனை வருஷமாக என்னிடம் இருக்கிறது என்பதையும், ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"தாளத்துக்காகவா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் தம்பியின் யூ.எஸ்.பி. டேப்பில் அதைச் செருகி ஆறாம் பாட்டுக்கு நகர்த்தினாள். பென்னி பாடினான். நாலாவது நிமிஷம் பதினோராவது நொடியில் அது வந்தது, ஏழு மாதப் பிள்ளையின் அழுகை, அடிவயிற்றிலிருந்து, மூச்சு வாங்கி, மறுபடி, கிட்டாரையும் பென்னியையும் மூழ்கடித்துக்கொண்டு. அருள்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஈவாவையே பார்த்தேன். இதைப் போட்டதும் அவள் தொண்டைக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று முட்டாள்தனமாக நம்பிக்கொண்டு வந்திருந்தேன். வரவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியபடி, சத்தமில்லாமல், அவள் டேப்பைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டு கவனித்தாள். அப்படி ஒரு சத்தத்தைத் தன் வீட்டில் அவள் கேட்டதே இல்லை.

"யாரும்மா அது? ஏன் இப்பிடி அழுவுது?"

அருள்செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பாவம்மா அந்தப் பாப்பா," என்றாள் ஈவா. "யாராவது தூக்குனாங்களா?"

டேப்பில் இருபத்துநாலாவது சத்தம் வந்தது, யாரோ அவசரமாக எழும்போது இரும்பு நாற்காலி தரையில் கரகரவென்று இழுபடும் சத்தம்.